பிடரி

பிடரித் தோலைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினால் சுண்டெலி அப்படியே அடங்கிவிடும். பயத்தில் ஒரு சொட்டு மூத்திரமும் விடும். ஆய்வுக்கூடத்தில் அமலி அதைச் சோதனைத் தாளில் ஏந்துவாள். மஞ்சள் தாள் பச்சையானால் சிறுநீரகம் கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். கிருமியை விரட்ட வேண்டிய வெள்ளணுக்கள் சொந்த உடம்பின் மேலேயே பாயும்படி பிறந்த எலிகள் அவை. பாதிக் கூண்டுகளில் அந்த அணுக்களில் ஒரு வகையை மருந்து கொடுத்து அழித்திருந்தாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மற்றவற்றை அப்படியே விட்டிருந்தாள். இன்று மருந்து கொடுத்த கூண்டுகளில் தாள் மஞ்சளாகவே இருந்தது. விட்ட கூண்டுகளில் எல்லாம் பச்சை. உடன் வேலை பார்க்கும் ரெங்கராஜன் முகமெல்லாம் சிரிப்பாக நின்றான். "மிச்சத்துக்கும் மருந்து குடுத்துடலாமா?" என்று அமலி கேட்டாள். "குடுத்துட்டா எதோட ஒப்பிடுறது மேடம்?" என்றான்.

வீட்டில் தங்கை செலினின் கன்னங்களில் சிவப்பு மறுபடியும் படர்ந்திருந்தது. அவளுக்கும் அதே நோய்தான். மூட்டு வலியில் சீப்பைப் பிடிக்க முடியாது. அமலிதான் தலை வாரிவிடுவாள், வாரும்போது கூண்டுகளின் கதையைச் சொல்லுவாள். இன்று எதுவும் சொல்லவில்லை. சீப்போடு வந்த முடியைச் சுருட்டி மறைத்துக்கொண்டு, பின்னுவதற்காகக் கூந்தலை ஒதுக்கினாள். விரல்கள் தாமாகவே தங்கையின் பிடரித் தோலைக் கொத்தாகப் பிடித்தன. செலின் அப்படியே அடங்கிப்போனாள். கையை எடுக்க வேண்டும் என்று அமலிக்குத் தெரிந்தது, எடுக்க வரவில்லை.

"நான் எந்தக் கூண்டு, அக்கா?" என்றாள் செலின், திரும்பாமல்.