படம்: வில்சன்

பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்ததும் சோபனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆம்பூரில் அவள் தைக்கப் போகும் ஷூ கம்பெனியின் தையல் ஹால். அவசர வழிக் கதவில் பெரிய பூட்டு. வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் அதைக் கழற்றுவார்கள். மறைத்து எடுத்துப்போன செல்போனில் அதைப் படம் பிடித்து, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வேறு பெயரில் தன் பிளாக்கில் போட்டவள் சோபனா. இப்போது அதன் கீழே 'படம்: வில்சன்' என்று இருந்தது.

வில்சன் பகுதி நேர நிருபர். விளம்பரத்துக்கு அலைவதில் பாதியையாவது செய்திக்கு அலைந்திருக்கலாம் என்பது ஊர்ப் பேச்சு.

ஷிப்ட் முடிந்ததும் நேரே அவருடைய ஜெராக்ஸ் கடைக்குப் போனாள்.

“அண்ணே, அது நான் எடுத்த படம். மூணு நாளா என் பிளாக்ல இருக்குது. உங்க பேரைப் போட்டுக்கினீங்களே, இதுக்கு இன்னா பேரு?”

வில்சன் மெஷினை நிறுத்தினார். “நீதானா?” என்றார். பிறகு, “திருட்டுதாம்மா. வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத.”

மானம் போய்விடும் என்ற பயம். சோபனாவுக்கு அருவருப்பாக இருந்தது. நாளைக்கே பிளாக்கில் இவர் வண்டவாளத்தைத் தண்டவாளம் ஏற்றுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

மறுநாள் காலை கதவில் பூட்டைக் காணோம். சூப்பர்வைசர் ரஃபத் ஜஹான் அவளை ஓரமாக அழைத்தாள்.

பிளாக் படம் எந்த மெஷின் பக்கமிருந்து எடுத்தது என்று பார்த்து, மேனேஜர் சந்தேகப்பட்ட ஆட்களை ஒரு லிஸ்ட் போட்டு வைத்திருந்தாராம். முந்தாநாள் விளம்பரம் கேட்டு வந்த வில்சன் மேஜையில் அதைப் பார்த்திருக்கிறார். நேற்றுக் காலை பேப்பரோடு வந்து, போன மாதம் ஆண்டு விழாவுக்கு வந்தபோது எடுத்த படம், பிளாக்கும் என்னுடையதுதான் என்று சொல்லியிருக்கிறார். கம்பெனி அந்தப் பேப்பருக்குத் தரும் விளம்பரத்தை நிறுத்திவிட்டது. மத்தியானத்துக்குள் பேப்பர்காரர்கள் அவருடைய நிருபர் கார்டைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

“லிஸ்ட்ல அஞ்சு பேரு. இன்னிக்கு எல்லாரையும் வேலைய விட்டு நிறுத்தறதா இருந்தாங்க,” என்றாள் ரஃபத் ஜஹான். “மொத பேரு உன்னுது. நல்லவேளை, எடுத்தவரே வந்து ஒத்துக்கினாரு.”