ஒம்பது கியர் வண்டி

"புது லாரிய ஆட்டோமேடிக்கா எடுத்தா யாரு வேணா ஓட்டலாமே கொளஞ்சி," என்றார் முதலாளி ஜெயப்பிரகாஷ்.

"நம்ம ரூட்டுக்கு ஆவாது மொதலாளி. லோடோட சேத்துல எறங்கினா படுத்துக்கும். ஒம்பது கியர் வண்டிதான் இழுக்கும்," என்று டிரைவர் கொளஞ்சியப்பன் சாதித்தான். அந்த லாரியே வந்தது.

மாற்று டிரைவராகச் சேர்ந்த அருள் பிரகாஷ், "கியர் போடச் சொல்லிக் குடுங்க மாமா," என்று ஒரு மாசமாகக் கெஞ்சினான்.

"கண்ணு இல்ல? கியர் குமிழ் மேல எந்த கியர் எங்கன்னு படம் போட்டிருக்குல்ல, பாத்துக்க."

அன்று குமராட்சியில் கொள்ளிடத்துத் தண்ணீர் ரோட்டில் ஏறிவிட்டது. காரும் பஸ்ஸும் நின்றுவிட, லாரி மட்டும் உள்ளே போனது. நட்டநடுத் தண்ணீரில் கொளஞ்சியப்பன் திடீரென்று பிரேக் போட்டான். வாய் கோணியிருந்தது. வலது கை தொங்கியது. பேச்சு வரவில்லை.

அருள் பிரகாஷ் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுப் பேசினான். பிறகு அவனைப் பக்கத்து சீட்டுக்கு இழுத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

"ஆம்புலன்ஸ் இந்தத் தண்ணியில வராதாம் மாமா. சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு நானே கொண்டு போயிடுறேன்."

படத்தைப் பார்த்து முதல் கியர் போட்டான். லாரி குலுங்கி ஆஃப் ஆனது. மறுபடி போட்டான். மறுபடியும் ஆஃப்.

கொளஞ்சியப்பனின் இடது கை குமிழைக் காட்டியது. வேற எவனும் இதை ஓட்டக்கூடாதென்று, வண்டி வந்த அன்றே அதன் குமிழைக் கழற்றிவிட்டு கியர் வரிசை மாறியிருக்கும் வேறொரு லாரியின் குமிழை மாட்டியதும் அதே கைதான்.

"புரியுது மாமா," என்றான் அருள் பிரகாஷ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்க சொன்ன மாதிரி படத்தப் பாத்துத்தான் போடுறேன்."