மண் கரைத்த தண்ணீர்

“இன்னும் இழுத்துக்கினே இருக்குதே” என்றான் இளைய மகன் உலகநாதன். சைகோனில் வேலை. கப்பல் கிளம்புவதற்குள் அம்மாவின் காரியத்தை முடித்தாக வேண்டும்.

ஏம்பலம் கிராமத்து வீட்டில் கெங்கம்மாளுக்குக் கஞ்சியை நிறுத்திவிட்டார்கள். ஏதோ ஆசைதான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று ஊரே சொன்னது.

“மண்ணாசையா இருக்கும்” என்று மூத்தவன் சிங்காரவேலு வயல் மண்ணைக் கரைத்து வாயில் ஊற்றினான். உயிர் போகவில்லை. பொன்னை உரசிய தண்ணீரையும் ஊற்றினான். விழுங்கிவிட்டு, கிழவி மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்க இன்னாத்த பாக்குது?”

மூலையில் நெல் மூட்டைகள். ஒரு பிடி நெல்லை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார்கள். பார்வை திரும்பவில்லை.

“ஆவறது ஆவட்டும், வாடா” என்று தம்பியோடு பாடைக்கு மூங்கில் வெட்டப் போனான் சிங்காரவேலு.

மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்த சிந்தாமணி மெல்லத் தவழ்ந்து வந்தாள். பிறவியிலேயே கால் விளங்காத தங்கை. அவளைத் தூக்கவும் குளிப்பாட்டவும் இதுவரை அம்மா மட்டும்தான்.

அம்மாவின் காதில் சொன்னாள்: “அண்ணனுங்க என்னைக் கடைசிவரைக்கும் பாத்துக்கறோம்னு சத்தியம் பண்ணிட்டாங்கம்மா. நீ நிம்மதியா போம்மா.”

கெங்கம்மாளின் கண்ணோரம் நீர் வழிந்தது. மூச்சு நின்றது.

மூங்கிலோடு திரும்பிய சிங்காரவேலு அம்மாவைப் பார்த்தான். பக்கத்தில் கிடந்தவளையும் பார்த்தான்.

“ஏண்டா, இனிமே இவள இன்னா பண்றது?”

உலகநாதனின் பார்வை, மண் தண்ணீர் மிச்சமிருந்த கிண்ணத்துக்குப் போனது.