அவரை வேரில் குடியிருந்த நுண்ணுயிர்

ஓர் அவரைச்செடியின் வேரில், மிளகளவு முடிச்சுக்குள் ஒரு நுண்ணுயிர் குடியிருந்தது. காற்றிலிருந்து நைட்ரஜன் என்னும் தழைச்சத்தைப் பிரித்து அவரைக்கு ஊட்டுவது அதன் வேலை. பதிலுக்கு, இலையில் செய்த சர்க்கரையை அவரை கீழே அனுப்பும். இடுப்பொடியும் வேலைதான், ஆனாலும் வயிறு நிறைந்தது.

ஒருநாள் தோட்டக்காரர் செடியைச் சுற்றி யூரியாவைத் தூவித் தண்ணீர் பாய்ச்சினார். அன்றிலிருந்து சர்க்கரை குறைந்துகொண்டே வந்து, ஒரு வாரத்தில் நின்றேபோனது.

"என்னை மறந்துட்டியா?" என்று கேட்டது நுண்ணுயிர்.

"மறக்கல. இப்போ சத்து சும்மாவே கிடைக்குது. நீயும் எத்தனை நாள்தான் உழைப்பே? கொஞ்சம் ஓய்வெடு," என்றது அவரை.

ஓய்வு என்ற சொல் இதமாகத்தான் இருந்தது. பசிதான் விடவில்லை. முடிச்சு பழுப்பாகிச் சுருங்கி உதிர்ந்தது. நுண்ணுயிர் மண்ணில் கிடைத்ததைத் தின்று கிடந்தது. மேலே அவரை இலையும் கொடியுமாக மதர்த்தது. பூ மட்டும் தள்ளிப்போனது.

பிறகு ஒரு பெருமழை யூரியாவைக் கரைத்துக்கொண்டு போயிற்று. இலைகள் வெளுத்தன. அவரை புதுவேர் ஒன்றை மண்ணுக்குள் நீட்டியது.

"இருக்கியா? இப்போதான் பூ விட்டிருக்கேன். வந்துடேன்."

நுண்ணுயிருக்கு அசையவே அலுப்பாக இருந்தது.

"வர்றேன். ஆனா முடிச்சைப் புதுசா கட்டணும். மூணு வாரமாவது ஆகும். தாங்குவியா?"

"தாங்கணும்னுதான் பார்க்கறேன்," என்றது அவரை.

சொல்லும்போதே முதல் பூ உதிர்ந்தது. நுண்ணுயிர் வேரை நோக்கி மெல்ல நகர்ந்தது.