கோடிட்ட இடம்

கடைசி விடைக்கு வந்ததும் விரிவுரையாளரின் சிவப்புப் பேனா நின்றுவிட்டது.

மேசைக்கு எதிரே கன்னியம்மா நிற்கிறாள். இளங்கலை ஆங்கிலம், இரண்டாம் ஆண்டு.

அமெரிக்காவில் முதலில் குடியேறிய வெள்ளையர்களின் கவிதை. முழுதாக நடத்தினால் பிள்ளைகளுக்கு மண்டையில் ஏறாது. வரிக்கு ஒரு சொல்லை உருவிவிட்டு, கோடு போட்டு, நிரப்பச் சொல்லிவிடுவான். அவனுக்குத் தெரிந்த குறுக்குவழி.

கப்பலை விட்டு இறங்கினோம். நிலம் ______ இருந்தது.

விடை: காலியாக.

எல்லோருக்கும் ஒரு மதிப்பெண் விழட்டும் என்று அவனே பார்த்து வைத்த கேள்வி. மற்ற அறுபத்திரண்டு பேரும் யோசிக்காமல் எழுதியிருந்தார்கள்.

இவள், 'இன்னொருவருடையதாக' என்று எழுதியிருக்கிறாள்.

அகமதிப்பீட்டில் இருபத்தைந்துக்குப் பத்து வேண்டும். ஒன்பதுதான் வந்திருக்கிறது. பத்து இல்லையென்றால் பருவத்தேர்வு எழுத முடியாது. துறைத்தலைவர் விடைக்குறிப்போடு ஒத்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்.

"ஏம்மா, கிளாஸ்ல சொன்னேனே. தெரியலையா?"

"தெரியும் சார்."

அவனுக்கு எரிச்சலாக வந்தது. தெரிந்துமா? இழுப்பறையிலிருந்து ஒயிட்னரை எடுத்து நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டாள். எழுதியதன் மேல் பூசினாள்.

உலரட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

"நம்ம லைப்ரரி இருக்குல்ல சார், எங்கப்பா பொறந்தது அங்கதான். இருபது வீடு இருந்துச்சு எங்களுக்கு. காலேஜ் கட்றப்ப காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

போன மாதம் கல்லூரி மலருக்கு அவன் ஒரு கட்டுரை கொடுத்திருந்தான். ஆள் நடமாட்டமே இல்லாத பொட்டலில் எழுந்த கல்விக்கோயில் என்று முதல் வரி. முதல்வர் கூப்பிட்டுப் பாராட்டினார்.

வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அவன் வேலை வருடா வருடம் நீட்டிக்கப்படுகிற வேலை.

வேண்டாம், எழுதாதே என்று சொல்ல வாயெடுத்தான். எழுதாவிட்டால் ஒன்பது ஒன்பதாகவே நின்றுவிடும்.

வாயை மூடிக்கொண்டான்.

அவள் குனிந்து, முத்துமுத்தாக அந்தச் சொல்லை எழுதினாள். தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இப்ப சரிங்களா சார்?"

குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

பத்து என்று போட்டு வட்டமிட்டான்.

அவள் போகவில்லை.

சரி என்று அவன் வாயால் சொல்வதற்காக நின்றுகொண்டிருந்தாள்.