இடது மூலை

இறந்துபோன அப்பாவின் பழைய பெரிய ஜீப்பைக் காட்டுப் பயணத்துக்காக மாற்றிக்கொண்டிருந்தான் மகன். படுக்கைப் பலகை போடுவதற்காகப் பின் சீட்டுகளைக் கழற்றி, ஸ்பிரிங்கை மூன்று முறை மாற்றியும் பின்பக்க இடது மூலை இரண்டு அங்குலம் தாழ்ந்தே நின்றது.

"காலி வண்டி இப்படி இறங்காதுங்க. ஆள் உட்கார்ந்த மாதிரி இருக்கு," என்றார் மெக்கானிக்.

"அது எங்கப்பா இடம். இருந்தப்பவும் லேசுல எழுந்திருக்க மாட்டார். படுக்கைப் பலகைக்கு முதல் போல்ட்டை அங்கயே போடுங்க."

போல்ட்டை முறுக்க முறுக்க மூலை மெல்ல எழுந்தது. டேப் வைத்துப் பார்த்தார்கள். நான்கு பக்கமும் சமம்.

வீட்டில் சோபாவின் இடது ஓரம் அமுங்கியிருந்தது. அம்மா சற்றுத் தள்ளி உட்கார்ந்து, யாருக்கோ டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். மகன் அளந்தான். இரண்டு அங்குலம்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டான்.

"பலகை மிச்சம் இருக்கா? சோபாவுக்கும் ஒண்ணு அடிக்கணும்."