கதவின் கீழால் வந்த சோட்டி

பியர்பொன்ட்ஸ் நகர வீட்டின் மேல்மாடியில் அறைக்கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே, போன கிழமை கலியாணம் முடித்து வந்த கௌசலாவும் அவள் கூடவே கொண்டுவந்த கறுப்புப் பூனையும். வெளியே துஷாந்தனும், செத்துப்போன முதல் மனைவி வளர்த்த மஞ்சள் பூனையும். யன்னலில் பனியின் வெளிச்சம் அசையாமல் நிற்கிறது. ஒன்றின் மணம் மற்றதற்குப் பழகின பிறகுதான் கதவைத் திறக்கலாம் என்று மிருகவைத்தியர் சொல்லியிருக்கிறார். “இஞ்சை, மஞ்சள் படுக்கிற துணி, பிடியும்,” என்று துஷாந்தன் கதவின் கீழால் தள்ளுகிறான். கௌசலா குனிந்து இழுக்கிறாள். யாரோ ஒருத்தி வீட்டில் போட்டுப் போட்டு நைந்த பூப்போட்ட சோட்டி ஒன்று கையோடு வருகிறது. முழுக்கப் பூனை மயிர். கழுத்தடியில் ஒரு சட்டைப்பின் ஊசி இன்னும் குத்தியபடி இருக்கிறது. கறுப்புப் பூனை மெல்ல வந்து மோந்து பார்க்கிறது, காதுகளை மடிக்கிறது, பிறகு சோட்டியில் ஏறிக் கால்களால் மிதித்து இடம் பிடிக்கிறது. அதற்குக் குத்திவிடும் என்று கௌசலா பின்னைக் கழற்றுகிறாள். “சீறுதோ?” என்று வெளியேயிருந்து கேட்கிறான். “இல்லை,” என்கிறாள். பக்கத்திலேயே மேசை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, அங்கே வைக்காமல், பின்னைத் தன் புதுத் தாலிக்கொடியில் கொழுவிக்கொள்கிறாள்.